மாசானம் போட்ட வழி

சனிக்கிழமை காலையில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டைச் சாலையில் போகிற வருகிற வண்டிக்காரர்கள் நின்று பேசிவிட்டுப் போகிற இடம் அது. என் தாடையில் பாதி மழித்திருந்தபோது நாவிதர் சொன்னார்: "அய்யா, சேதி தெரியுமா? வீரவநல்லூர் மாசானம் போயிட்டானாம். மூணு நாள் காய்ச்சலாம். அதான், ஒரு கல்யாணத்தையே ஆத்துல விட்டானே, அந்த வண்டிக்காரப் பய."

கத்தி தொண்டையில் இருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. கத்தி இல்லாத பத்து வருஷமும் நான் பதில் சொன்னதில்லை, அதுதான் விஷயம். பாதித் தாடியோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில், கல்லிடைக்குறிச்சி முதல் ஆழ்வார்திருநகரி வரை ஆற்றின் தென்கரையில் இருக்கிறவர்களுக்கு மாசானத்தைத் தெரியும். தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்கள் தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனது அவர் வண்டியில். அவர் போட்டுக் கொடுத்த வழியில்தான் இன்றைக்கும் போகிறீர்கள், அதற்கு வேறொருவர் பெயரை வைத்துக்கொண்டு. பெரிய மனிதர் செத்தால் கறுப்புக் கட்டம் போட்டு மூன்று பக்கம் அச்சடிக்கிறோம். வண்டிக்காரர் செத்தால் சவரத்துக்குப் போன இடத்தில் கேள்விப்படுகிறோம். உயிரோடு இருந்தவரை 'ஏலே மாசானம்' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். இங்கே நான் 'அவர்' என்று எழுதுகிறேன். யாருக்காவது உறுத்தினால் உறுத்தட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் வீடு ஆற்றுக்கு அக்கரையில், ஏரலுக்கும் அப்பால். முகூர்த்தம் ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலம். எங்கள் வீரவநல்லூரிலிருந்து அங்கே போகத் தென்கரைச் சாலையில் மூன்று நாள் வண்டிப் பயணம். அதன் பிறகு தென்திருப்பேரைக்குக் கிழக்கே ஓடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும். நம் பக்கத்துக்கு ரெயில் வந்த புதிது. திருநெல்வேலி வரைக்குமாவது ரெயிலில் போகலாமே என்றேன். என் தகப்பனார் எரிந்து விழுந்தார். "அவன் ராகு காலத்துல ஊதுவான், நாம பொட்டியத் தூக்கிட்டு ஓடணுமோ? நம்ம வீட்டுக் கல்யாணம் நம்ம நேரத்துக்குத்தான் பொறப்படும்லே" என்றார். ஆறு வண்டி பேசி, மாசானத்தை ஆறுக்கும் தலையாக வைத்தார்.

மாசானம் வழி போடுகிற விதத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முற்றத்து மணலில், மாடு ஓட்டுகிற தார்க்குச்சியால் ஒரு கோடு இழுப்பார். மற்றவர்களெல்லாம் வீட்டிலிருந்து தொடங்குவார்கள். அவர் ஓடத்துறையிலிருந்து தொடங்குவார். "மொதல்ல ஆத்தைத் தாண்டணும் அய்யா. அப்புறந்தான் வீட்டை விட்டுப் பொறப்படணும்" என்பார். ஓடத்தில் ஒரு நடைக்கு ஒரு வண்டிதான் ஏறும். ஆறு வண்டிக்கு ஆறு நடை, மாடுகள் நீந்தி வரவேண்டும். மத்தியானத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழுந்துவிட்டால் ஓடக்காரருக்குக் கழி நிற்காது. ஆகவே வியாழக்கிழமை விடியும்போது துறையில் நிற்க வேண்டும். அதற்குப் புதன் சாயங்காலம் ஆழ்வார்திருநகரி. அதற்குச் செவ்வாய் இரவு கிருஷ்ணாபுரம், அன்று உச்சிப்பொழுதில் பாளையங்கோட்டையில் மாடுகளுக்கு லாடம் பார்க்க வேண்டும். அதற்குத் திங்கள் இரவு பத்தமடை. இப்படிப் பின்னோக்கியே வந்து தார்க்குச்சி எங்கள் வாசலைத் தொட்டபோது, திங்கட்கிழமை விடிவதற்கு முன் வண்டி கட்ட வேண்டும் என்று ஆயிற்று.

பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்தப் பெரிய உத்தியோகஸ்தருக்கும் தோன்றாத கேள்விகள். "பெரியய்யாவுக்கு ராத்திரி எத்தனை மட்டம் எந்திக்கணும்? சொல்லுங்க, கூச்சப்படாதிய. பத்தமடைச் சத்திரத்துல தோட்டம் தூரம், இருட்டுல கெணத்துக்குள்ள விழுந்துறப்பிடாது." என் பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்தது பெண்கள் பக்கம் திரும்பி, "பெரியம்மாவுக்கும் அத்தையம்மாவுக்கும் இப்பப் பேச்சு இருக்கா, இல்லையா? இல்லாட்டா ஒரே வண்டியில போடாதிய. மூணு நாளு நான்லா கேக்கணும்" என்றார். உள்கட்டில் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அத்தையும் பெரியம்மாவும் மட்டும் சிரிக்கவில்லை.

சிக்கல் பஞ்சாங்கத்தில் வந்தது. திங்கட்கிழமை கிழக்கே சூலம், நாங்கள் போவதோ கிழக்கே. ஞாயிற்றுக்கிழமையே போகலாம் என்றால் பாபநாசத்து உறவுக்காரர்கள் அன்று சாயங்காலம்தான் வந்து சேருகிறார்கள். செவ்வாயோ வெறுவாய். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது. புதன்கெழமை பொறப்படுவோம்" என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். புதன்கிழமை புறப்பட்டால் வெள்ளிக்கிழமை சாலையில் மாட்டுக்குத்தான் தாலி கட்ட வேண்டும்! அதை யாரும் சொல்லவில்லை. மாசானம்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "அய்யா, ஞாயித்துக்கெழமை பரஸ்தானம் வச்சிருங்களேன்" என்றார்.

பரஸ்தானம் நம் ஆட்களுக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள், அந்த நேரத்தில் தங்கள் பொருள் ஒன்றைப் போகிற திசையில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பொருள் புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. பிறகு சௌகரியப்பட்ட நாளில் கிளம்பி, போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நல்ல ஓரை பார்த்து, அப்பாவின் பழைய வேட்டி ஒன்றில் மஞ்சளும் அரிசியும் முடிந்து, ஊரின் கிழக்குக் கோடியில் தெரிந்தவர் வீட்டில் வைத்தோம். மறுநாள் அந்த வாசலில் இறங்கி மூட்டையை எடுத்து வரும் பொறுப்பு என்னுடையது. பஞ்சாங்கத்தையும் விடாமல் ஆற்றையும் விடாமல் இப்படி ஒரு வழி சொன்னவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாங்கள் படித்தவர்கள்.

அந்தப் படித்தவனின் லட்சணத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை இருட்டோடு ஆறு வண்டியும் கிளம்பின. நான் கடைசி வண்டியில் என் மைத்துனனோடு உட்கார்ந்து, திருச்செந்தூருக்கும் ரெயில் வருமா வராதா என்று வாதாடிக்கொண்டு வந்தேன். வாதத்தில் ஜெயித்தும்விட்டேன். சேரன்மகாதேவியில் மாட்டை அவிழ்த்துக் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது அப்பா கேட்டார்: "பரஸ்தானம் எங்கலே?"

அவர் கேட்டபோதுதான் எனக்கு அந்த மூட்டையின் ஞாபகமே வந்தது. என் முகமே சொல்லிவிட்டது. "கூறுகெட்ட மூதி" என்று தொடங்கி அப்பா சொன்னதையெல்லாம் அச்சில் போட முடியாது. அத்தனையும் எனக்குத் தகும். மாசானம் குறுக்கே வந்து, "அய்யா, கோவிச்சுக்கிடாதிய. வண்டிக பைய போயிட்டே இருக்கட்டும். நான் ஒரே ஓட்டமா ஓடி எடுத்திட்டு வந்து பத்தமடையில சேந்துக்கிடுதேன்" என்றார். அதைக் கேட்டிருந்தால் ஒரு நாழிகைகூட வீணாகியிருக்காது. பெரியப்பா விடவில்லை. மூட்டை பின்னால் கிடக்க ஆள் முன்னால் போனால் அது பயணமே இல்லையாம். மூட்டை வந்த பிறகும் புதிதாக நேரம் பார்த்துத்தான் நகர வேண்டுமாம். மாசானம் அன்று மாலையே மூட்டையோடு வந்துவிட்டார், பெரியப்பா நேரம் பார்த்தார். செவ்வாய்க்கிழமை உச்சிக்குப் பிறகுதான் வந்தது. "மாட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது அய்யா, ஆத்துக்கும் தெரியாது" என்று மாசானம் மெல்லச் சொன்னார். "ஒன் வேலையப் பாருலே" என்றார் அப்பா. ஒரு பழைய வேட்டிக்காக ஆறு வண்டியும் நாற்பது பேரும் சேரன்மகாதேவிச் சத்திரத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து புளியோதரை தின்றோம்.

புதன்கிழமை பாளையங்கோட்டையில் லாடம் பார்க்கும்போதே மாசானம் மேற்கே மலையைக் காட்டினார். மலை தெரியவில்லை, ஒரே கறுப்பு. "பாவநாசத்துல கொட்டுது சின்னய்யா. நாம நேத்தே தாண்டியிருக்கணும் இந்த எடத்தை" என்றார். வியாழக்கிழமை ஓட்டமும் நடையுமாக நாங்கள் துறைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. தண்ணீர் செக்கச் செவேலென்று வந்துகொண்டிருந்தது. காற்றும் எழுந்துவிட்டது. காலையில் ஓடம் ஏறினவர்கள் எல்லாரும் சுகமாக அக்கரை போனார்கள் என்று ஓடக்காரர் சொன்னார்.

அப்போதும் மாசானத்திடம் ஒரு வழி இருந்தது. வண்டியும் மாடும் இக்கரையில் இருக்கட்டும், மாப்பிள்ளையும் நாலு பெரியவர்களும் தாலியை எடுத்துக்கொண்டு இப்போதே ஓடத்தில் போய்விடட்டும், அக்கரையில் ஏரல் வண்டி ஒன்று பிடித்துக்கொள்ளலாம் என்றார். ஓடக்காரரும் அதற்குச் சரி என்றார். என் தகப்பனாருக்குத்தான் சரிப்படவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரன் எரவல் வண்டியில போயி எறங்கவா? சம்மந்தி ஊரு சிரிக்காதா? சீரு மொதல்ல போவட்டும், ஒவ்வொண்ணா எல்லா வண்டியும் போவும்" என்றார். கூறைப்புடவையும் திருமாங்கல்யமும் தாம்பாளங்களும் மாசானத்தின் வண்டியில் இருந்தன. அவர் மாட்டை அவிழ்த்து, வண்டியை ஓடத்தில் ஏற்றினார்.

பாதி ஆற்றில் இடப்பக்கத்துச் செவலை மாடு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பிறகு வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கன்றாக இருந்தபோதே வாங்கி வளர்த்த மாடு அது. மாசானம் ஓடத்தின் விளிம்பில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கத்தினார். இக்கரையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. ஓடம் திரும்பி வந்ததும் ஓடக்காரர் கழியைப் போட்டுவிட்டு, "இனி எந்த ராசா வந்தாலும் ஓடம் போவாது" என்றார். தாலி அக்கரையிலும் மாப்பிள்ளை இக்கரையிலுமாக வெள்ளிக்கிழமை முகூர்த்தம் போயிற்று.

வெள்ளம் சனிக்கிழமைதான் வடிந்தது. அதுவரை மாசானம் ஒற்றை மாட்டோடு, மழையில், அக்கரை மணலில் எங்கள் சீரைக் காத்துக்கொண்டிருந்தார். பொட்டுத் தங்கம் குறையவில்லை. கூறைப்புடவையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தன் மேலிருந்த துப்பட்டியை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் போர்த்தியிருந்தார்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். பெண் வீட்டுப் பந்தலில் சம்பந்தி கோபமாக இருந்தார். இருக்காதா? சமைத்த சோறு வீணாகி, கூடின உறவு முணுமுணுத்துக் கலைந்திருந்தது. நாலு பேர் முன்னால் என் தகப்பனார் சொன்னார்: "என்ன செய்ய அண்ணாச்சி, வண்டிக்காரன் அமைஞ்ச லெச்சணம். திங்கக்கெழமை வண்டி கட்டுலேன்னா செவ்வாக்கெழமை வந்து நிக்கான், சவத்துப் பய."

பந்தல் ஓரத்தில் மாசானம் ஒற்றை மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் பந்தல்காலில் கட்டியிருந்த வாழையைப் பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பரீட்சை தேறியவன், வாய்ப்பேச்சில் யாருக்கும் சளைக்காதவன். 'மூட்டையை மறந்தவன் நான்' என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? அந்த மூச்சு எனக்கு வரவில்லை.

பிறகு குளத்தங்கரையில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "மாசானம், அப்பா கோவத்துல சொல்லிட்டாரு, மனசுல வச்சுக்கிடாதீரும்" என்றேன். வெட்கங்கெட்டவன், சமாதானம் சொல்லப் போனேன்! அவர் வைக்கோல் பிரியால் மாட்டைத் தேய்த்துக்கொண்டே, "அய்யா சொல்லட்டும் சின்னய்யா, அவுகளுக்குச் சம்மந்தி முன்னால தலை நிமிரணும்லா" என்றார். பிரியை உதறிவிட்டு, "நீங்க சொல்லியிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அண்ணன் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை நடந்து, இப்போது அவனுக்கு நாலு பிள்ளைகள். மாசானத்துக்கு அதற்குப் பிறகு ஒரு கல்யாணச் சவாரிகூடக் கிடைக்கவில்லை. ராசியில்லாத வண்டி என்று பத்தமடை சொன்னது, பாளையங்கோட்டை சொன்னது, அவர் முகத்தையே பார்த்திராதவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இரண்டு நாள் தாலியைக் காத்த மனிதருக்கு ராசியில்லையாம்! அவர் எருவும் வைக்கோலும் ஏற்றிப் பிழைத்தார். சாலையில் என்னைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி, "சௌக்கியமா சின்னய்யா" என்று கேட்பார். நான் சௌக்கியமாகத்தான் இருந்தேன்.

இதையும் கேளுங்கள். மறுவருஷம் எங்கள் வீட்டார் வேறு வண்டிக்காரரை வைத்து அதே வழியில் போனார்கள். வியாழன் விடியலில் ஓடம், புதன் ஆழ்வார்திருநகரி, செவ்வாய் கிருஷ்ணாபுரம், திங்கள் பத்தமடை. ஒரு தங்கல் மாறவில்லை. சுகமாகப் போய்ச் சுகமாக வந்தார்கள். அதைப் பார்த்து ஊரில் எல்லாரும் அப்படியே போகத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டை வைத்து அதற்கு இப்போது 'பெரிய வீட்டு வழி' என்று பெயர். யார் கேட்டாலும் என் தகப்பனார் மீசையைத் தடவிக்கொள்கிறார். வழி வேண்டும், வழி போட்டவர் வேண்டாம்! இதைவிடப் பெரிய திருட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

நான் இப்போது குடியிருப்பது வேறு ஊரில். சவரக் கடையிலிருந்து வந்த அன்றே வீரவநல்லூர் போனேன். அவர் வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர் மனைவியிடம், எல்லார் முன்னாலும், மூட்டையை மறந்தது நான், வண்டியை நிறுத்தியது எங்கள் வீட்டார், மாசானத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாள் அழவில்லை.

"சொல்லுதிய, சரி. எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே" என்றார். "வண்டிப்பேட்டையில போயிச் சொல்லுங்க. கல்யாணம் வச்சிருக்கவுக வீட்டுல போயிச் சொல்லுங்க. இந்தப் பழி செத்தவுகளோட போவலையே. எம்மவன் சுடலைமுத்துவ ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்காக. அவனும் எருவண்டிதான் ஓட்டுதான்."

வண்டிப்பேட்டைக்குப் போய்ச் சொன்னேன். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். எல்லாப் பேட்டைக்கும் நடக்க எனக்குக் காலில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். என் தகப்பனார் உயிரோடு இருக்கிறார், இந்தப் பத்திரிகை அவருக்கும் போகிறது. படிக்கட்டும். வருகிற தையில் என் தம்பிக்குக் கல்யாணம், பெண் எடுப்பது அதே அக்கரையில். முதல் வண்டி சுடலைமுத்துவினுடையது என்று பேசி, தாம்பூலம் கொடுத்துவிட்டேன். "அந்தப் பய வண்டி முன்னால போனா நான் ஏற மாட்டேன்" என்றார் அப்பா. "அப்ப நடந்து வாங்க" என்றேன். என் வாழ்நாளில் அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாசானத்தின் வண்டியும் தார்க்குச்சியும் அவர் மகனிடம் இருக்கின்றன. அவர் வழி எல்லாரிடமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு வெட்கம் மட்டும். இதை எழுதினால் அது குறையும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். குறையவில்லை. குறையவும் வேண்டாம்.